ஆன்டிகுவாவில் அவசரமில்லாத ஒரு நாள்

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வோம். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஆன்டிகுவா என்றதும் விவியன் ரிச்சர்ட்ஸின் ஊர் நினைவுக்கு வரும். அது கரீபியன் கடலில் இருக்கும் தீவு. இந்த அத்தியாயம் பேசுவது மத்திய அமெரிக்காவில், குவாத்தமாலா நாட்டில், மலைகளுக்கு நடுவே சுமார் 1,530 மீட்டர் உயரத்தில் இருக்கும் பழைய தலைநகரத்தைப் பற்றி. இங்கே பயணிகள் விமானம் இறங்காது. டிக்கெட் எடுக்கும்போது குவாத்தமாலா சிட்டியின் லா அவுரோரா விமான நிலையம், ஜி.யூ.ஏ. என்ற குறியீடு, இவை இரண்டையும் சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அங்கிருந்து சாலை வழியாகச் சுமார் 40 கிலோமீட்டர். நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணி நேரம். இருந்தால் இரண்டுக்கும் மேல்.

தலைநகரத்திலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பும் சுற்றுலாக்கள் நிறைய விற்கப்படுகின்றன. அவற்றை நான் சிபாரிசு செய்யமாட்டேன். அந்த வண்டிகள் வந்து சேரும் நேரத்துக்குள் எரிமலைகளை மேகம் மூடியிருக்கும். முந்தின நாள் மாலையே வந்து தங்கிவிடுங்கள். இந்த ஊரில் நேர அட்டவணை போடுவது எரிமலைகளும் மேகமும்தான். அதற்கேற்ப நாளை அடுக்கிக்கொண்டால், எதற்கும் ஓடாமல் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிடலாம்.

வரலாறு: இவ்வளவு தெரிந்தால் போதும்

ஸ்பானியர்களின் முந்தைய தலைநகரம் பக்கத்திலேயே, அகுவா எரிமலையின் அடிவாரத்தில் இருந்தது. 1541இல் மலையிலிருந்து இறங்கிய சேற்று வெள்ளம் அதை அழித்தது. 1543இல் பஞ்சோய் பள்ளத்தாக்கில் புதிய ஊரைக் கட்டினார்கள். இன்றைய மெக்சிகோவின் சியாபாஸ் முதல் கோஸ்தா ரீகா வரை இங்கிருந்துதான் ஆட்சி நடந்தது. 1773 ஜூலை 29இல் வந்த சாந்தா மார்த்தா நிலநடுக்கம் ஊரை நொறுக்கியது. 1776இல் தலைநகரம் இன்றைய குவாத்தமாலா சிட்டிக்கு மாறியது. அரசாங்கமும் மடங்களும் போய்விட்டன. ஊரைக் காலி செய்யும்படி வந்த உத்தரவை மதிக்காமல் சிலர் மட்டும் தங்கிவிட்டார்கள். இடிந்ததைத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டப் பணமும் இல்லை, ஆளும் இல்லை. அதனால்தான் 18ஆம் நூற்றாண்டின் இடிபாடுகள் விழுந்த கோலத்திலேயே நமக்குக் கிடைத்திருக்கின்றன. 1979இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

கிளம்புமுன் செய்ய வேண்டியவை

பருவம்: நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். மழைக்காலத்திலும் காலை பெரும்பாலும் தெளிவாக இருக்கும். மழை பிற்பகலில்தான் கொட்டும். கீழே சொல்லும் வரிசை இரண்டு காலத்துக்கும் பொருந்தும்.

செருப்பு: தெருக்கள் முழுக்க உருண்டைக் கற்கள் பதித்தவை. மெல்லிய அடிப்பாகம் கொண்ட செருப்பு போட்டால் மதியத்துக்குள் பாதம் வலிக்கும். குதிகால் உயர்ந்தது வேண்டவே வேண்டாம். தடித்த ரப்பர் அடியுள்ள, பழகிய காலணிதான் சரி. புது ஷூவை இந்த ஊரில் பழக்க நினைக்காதீர்கள்.

உடை: காலையில் ஸ்வெட்டர் கேட்கும், பதினோரு மணிக்கு வெயில் சுடும். உயரமான இடம் என்பதால் குளிர்காற்று இருக்கும்போதே தோல் கறுத்துவிடும். தொப்பி, மெல்லிய மேலாடை, சின்னக் குடை போதும்.

பணம்: நாணயத்தின் பெயர் கெட்சால். ஒரு டாலருக்கு ஏழரைக்குச் சற்று மேல் கிடைக்கும். ரூபாயை அங்கே மாற்ற முடியாது, டாலராகக் கொண்டுபோங்கள். கிழிசலோ கிறுக்கலோ இருக்கும் டாலர் நோட்டை வங்கியிலேயே வாங்கமாட்டார்கள். இடிபாடுகளின் நுழைவுச்சீட்டுக்கும் சந்தைக்கும் சில்லறை வேண்டும். 100 கெட்சால் நோட்டை நீட்டினால் பல கடைகளில் கையை விரிப்பார்கள். முந்தின நாளே ஹோட்டலில் கொடுத்துச் சில்லறை மாற்றிக்கொள்ளுங்கள்.

மின்சாரம்: 120 வோல்ட், தட்டைக் கம்பிகள் உள்ள அமெரிக்க பிளக். நம் ஊர் பிளக் நேராகச் செருகாது. அடாப்டர் இல்லாவிட்டால் மதியத்துக்குள் போன் செத்துவிடும்.

திசை பிடிக்கும் வழி

இந்த ஊரில் வழி தெரியாமல் போவது அபூர்வம். கிழக்கு மேற்காகப் போகும் தெருவுக்கு கய்யே என்றும், வடக்கு தெற்காகப் போவதற்கு அவெனீடா என்றும் பெயர். இரண்டுக்கும் எண்கள் உண்டு. நடுவில் பார்க்கே சென்ட்ரால் என்ற மத்தியப் பூங்கா. 4ஆம், 5ஆம் கய்யேக்களும் 4ஆம், 5ஆம் அவெனீடாக்களும் அதைச் சுற்றி ஓடுகின்றன. பூங்காவுக்கு வடக்கே நோர்த்தே, தெற்கே சூர், கிழக்கே ஓரியென்தே, மேற்கே போனியென்தே. ஆக, "5ஆம் அவெனீடா நோர்த்தே" என்றால் பூங்காவுக்கு வடக்கே போகும் பகுதி.

கூம்பு வடிவில் தனியாக நிற்கும் அகுவா எரிமலை (3,760 மீட்டர்) ஊருக்கு நேர் தெற்கே இருக்கிறது. அது கண்ணில் பட்டுக்கொண்டிருக்கும்வரை திசைகாட்டி தேவையில்லை. மேற்குப் பக்கம் சேர்ந்து நிற்பவை அக்காதெனாங்கோவும் (3,976 மீட்டர்) புவேகோவும்.

கடை தேடும்போது ஒரு சிக்கல் வரும். பழைய தோற்றம் கெடக்கூடாது என்று தெருவில் நீட்டிக்கொண்டிருக்கும் பெயர்ப் பலகைகளுக்குக் கட்டுப்பாடு உண்டு. சுவரில் சின்ன எழுத்தில் பெயர் இருக்கும். சாதாரண மரக்கதவுக்குப் பின்னால் முற்றமும் நீரூற்றும் பெரிய உணவகமும் இருக்கும். எண்ணைப் பார்த்து நடந்து, திறந்த கதவுக்குள் எட்டிப் பாருங்கள்.

நாளின் வரிசை

1. காலை 6.30: சாந்தா காதாலினா வளைவு

படங்களில் நீங்கள் பார்த்திருக்கும் மஞ்சள் வளைவு இதுதான். 5ஆம் அவெனீடா நோர்த்தேயில் இருக்கிறது. 1694இல் கட்டியது. துறவு மடம் தெருவுக்கு இரண்டு பக்கமும் பரவியபோது, கன்னியாஸ்திரிகள் வெளியார் கண்ணில் படாமல் கடப்பதற்காக உள்ளே மூடிய நடைபாதையோடு எழுப்பினார்கள். மேலே உள்ள கடிகாரம் 19ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது.

வளைவுக்கு வடக்கே நின்று தெற்கே பாருங்கள். வளைவுக்குள் அகுவா மலை வந்து உட்காரும். ஒன்பது மணிக்குமேல் படம் எடுக்கவே வரிசை நிற்கும். இப்போது வந்துவிட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது. தெருவின் நடுவில் நிற்கும்போது ஒருவர் வண்டி பார்க்கட்டும், ஒருவர் படம் எடுக்கட்டும்.

2. காலை 7.15: வயிறார உணவு

தேசாயூனோ சாப்பின் என்று கேளுங்கள். முட்டை, மசித்த கறுப்புப் பீன்ஸ், பொரித்த நேந்திரவகைப் பழம், வெள்ளைப் பாலாடைக்கட்டி, சுடச்சுடச் சோளத் தோர்த்தியா. முட்டை வேண்டாமென்றால் "சின் உவேவோஸ்" என்று சொன்னால் பழத்தைக் கூடுதலாக வைப்பார்கள்.

3. காலை 8.30: சேர்ரோ தே லா குரூஸ்

ஊருக்கு வடக்கே உள்ள சிலுவைக் குன்று. 1930இல் நட்ட கல் சிலுவை உச்சியில் நிற்கிறது. 1ஆம் அவெனீடா நோர்த்தேயின் கடைசியில் படிகள் தொடங்கும். நிதானமாக ஏறினால் இருபது நிமிடம். உயரத்துக்குப் பழகாத உடம்பு கொஞ்சம் மூச்சு வாங்கும். நடுவில் உட்கார்ந்து போங்கள்.

மேலே போனதும் படம் எடுப்பதற்கு முன் ஐந்து நிமிடம் ஊரைப் படியுங்கள். நேர்க்கோட்டுத் தெருக்கள், நடுவில் பூங்காவின் பச்சை, ஓட்டுக் கூரைகளுக்கு நடுவே கூரையில்லாத சாம்பல் நிறச் சுவர்கள். அந்தக் கூரையில்லாத இடங்கள்தான் 1773இல் விழுந்தவை. இன்று போகப்போகும் இடங்களை இங்கிருந்தே விரல் வைத்துக் காட்டிக்கொண்டால், கீழே இறங்கியபின் வரைபடம் தேவைப்படாது.

கவனம்: இந்தப் பாதையில் முன்பு வழிப்பறிகள் நடந்திருக்கின்றன. இப்போது சுற்றுலாக் காவலர்கள் நிற்கிறார்கள். காவல் எத்தனை மணிக்குத் தொடங்குகிறது என்று ஹோட்டலில் கேட்டுவிட்டு அதற்குப் பின் ஏறுங்கள். முக்கியப் படியை விட்டு விலகிப் போகும் ஒற்றையடிப் பாதைகள் வேண்டாம். இருட்டுவதற்கு வெகுமுன்பே இறங்கிவிடுங்கள்.

4. காலை 9.45: லாஸ் காப்புச்சினாஸ்

ஒரே ஒரு இடிபாட்டுக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதற்குள் போங்கள். 2ஆம் அவெனீடா நோர்த்தேயும் 2ஆம் கய்யே ஓரியென்தேயும் சந்திக்கும் மூலையில் இருக்கிறது. தியேகோ தே போர்ரெஸ் என்ற கட்டடக் கலைஞர் கட்டி, 1736இல் அர்ப்பணிக்கப்பட்ட துறவு மடம். மற்ற மடங்களில் சேர, மணப்பெண்ணுக்குச் சீர் கொடுப்பதுபோலக் குடும்பம் பணம் கட்ட வேண்டும். கப்புச்சின் சபையில் அது கிடையாது. வசதியில்லாத வீட்டுப் பெண்களும் துறவு கொள்ள முடிந்தது.

உள்ளே பார்க்கும் வரிசை:

அ) முதலில் கூடத்தையும் முற்றத்தையும் கடந்து வட்டமான கட்டடத்துக்குப் போங்கள். நடுவே திறந்த வட்ட முற்றம், சுற்றி 18 சின்ன அறைகள். ஒவ்வொன்றும் ஒரு கன்னியாஸ்திரிக்கு. ஓர் அறைக்குள் நுழைந்து நின்று பாருங்கள்: கையை நீட்டினால் சுவர் தட்டும், சுவரில் விளக்கு வைக்கும் மாடம் இருக்கும், ஒவ்வோர் அறைக்கும் தனிக் கழிப்பிட வசதியும் வடிகாலும் இருக்கின்றன. 18ஆம் நூற்றாண்டில் இப்படிப்பட்ட ஏற்பாடு எத்தனை அரண்மனைகளில் இருந்தது என்று யோசித்துப் பாருங்கள்.

ஆ) அதற்குக் கீழே ஒரு வட்ட நிலவறை. நடுவில் பருத்த ஒரே தூண் எழுந்து, மேலே விரிந்து, வட்டக் கூரை முழுவதையும் குடைக்காம்புபோலத் தாங்குகிறது. இது எதற்காக என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. பொருள்களைக் குளிர்ச்சியாக வைக்கும் அறை என்கிறார்கள் சிலர், துணி துவைத்த இடம் என்கிறார்கள் சிலர். சுவரை ஒட்டி நின்று வாய் மூடி ஒரு சுரம் பிடியுங்கள். அறை முழுக்க அது சுற்றி வந்து காதுக்குள் நிற்கும். கூட்டம் வருவதற்குமுன் செய்தால்தான் கேட்கும்.

இ) கடைசியாக மேல்தளம்.

குறிப்பு: நுழைவுச்சீட்டில் வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல். பணமாகக் கொடுக்கத் தயாராக இருங்கள். நுழைவாயிலில் தெரியும் சுவர்களை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புபவர்கள் பலர். வட்டக் கட்டடம் பின்னால்தான் இருக்கிறது.

5. காலை 11.00: லா மெர்செத் தேவாலயம்

1ஆம் கய்யே போனியென்தேயும் 6ஆம் அவெனீடா நோர்த்தேயும் சேரும் இடம். மஞ்சள் முகப்பின் மேல் வெள்ளைச் சுதையில் கொடியும் பூவும் பின்னிய வேலைப்பாடு. 1767இல் கட்டி முடித்த ஆறே ஆண்டில் நிலநடுக்கம் வந்தது. ஆனாலும் தேவாலயம் நின்றது. காரணத்தை வெளியில் நின்றே பார்க்கலாம். சுவர்கள் பருமன், கோபுரங்கள் குட்டை. முந்தைய நிலநடுக்கங்களில் உயரமான கோபுரங்கள் விழுந்ததைப் பார்த்து, பாடம் கற்றுக் கட்டியிருக்கிறார்கள்.

பக்கத்து மடத்துக்குத் தனிச் சீட்டு. அதன் முற்றத்தில் சுமார் 27 மீட்டர் அகலமுள்ள நீரூற்று உண்டு. ஸ்பானிய அமெரிக்காவின் மிகப் பெரிய நீரூற்றுகளில் ஒன்று. துறவிகள் இதில் மீன் வளர்த்தார்கள்.

6. காலை 11.45: சந்தை

திங்கள், வியாழன், சனி ஆகியவை பெரிய சந்தை நாள்கள். மற்ற நாள்களில் இதைத் தவிர்த்துவிட்டு நேராகச் சாப்பாட்டுக்குப் போகலாம். ஊரின் மேற்கு ஓரத்தில், அலமேதா சாந்தா லூசியா சாலையைக் கடந்தால் சந்தை.

நம் வீட்டில் அன்றாடம் புழங்கும் பல காய்கனிகளின் தாய்வீடு இந்த வட்டாரம். சப்போட்டா, கொய்யா, பப்பாளி, சீத்தா வகைகள் எல்லாம் இந்தக் கண்டத்திலிருந்து நமக்கு வந்தவை. சௌசௌகூட அப்படித்தான். இங்கே அதை வீஸ்கில் என்கிறார்கள். முள் உள்ளது, இல்லாதது, கரும்பச்சை, வெளிர்ப்பச்சை என்று ரகரகமாகக் குவித்திருப்பார்கள். எதிர்த்திசையில் நம்மிடமிருந்து வந்தது ஏலக்காய். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்து வடக்கு மலைகளில் பயிரிட்டார்கள். இன்று ஏலக்காய் ஏற்றுமதியில் குவாத்தமாலா உலகின் முன்னணி நாடு. விளைவதில் பெரும்பங்கு அரபு நாடுகளுக்குப் போய்விடுகிறது. உள்ளூர்ச் சமையலில் அதைத் தேடாதீர்கள்.

கைத்தறி வாங்க விரும்புபவர்களுக்கு: வீப்பில் என்பது மாயா பெண்கள் அணியும் மேலாடை. இடுப்பில் பட்டை கட்டி நெய்யும் தறியில் ஒன்றை முடிக்க மாதக்கணக்கில் ஆகும். எந்திரத்தில் அச்சிட்டதும் பக்கத்திலேயே தொங்கும். துணியைத் திருப்பிப் பாருங்கள். கையால் நெய்ததில் நூல் முடிச்சும் ஏற்ற இறக்கமும் தெரியும். பேரம் பேசுவது வழக்கம்தான். ஆனால் கையால் நெய்ததைப் பாதி விலைக்குக் கேட்காதீர்கள். அந்தப் பெண் எத்தனை நாள் குனிந்து உட்கார்ந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு பேசுங்கள்.

7. மதியம் 1.00: சாப்பாடும் ஓய்வும்

அசைவம் சாப்பிடுபவர்களுக்கு: பெப்பியான். வறுத்த பூசணி விதை, எள், காய்ந்த மிளகாய், சுட்ட தக்காளி ஆகியவற்றை அரைத்துக் கொதிக்கவைத்த கெட்டிக் குழம்பில் கோழியோ மாட்டிறைச்சியோ போடுவார்கள். வறுத்து அரைத்த குழம்பு என்பதால் நம் நாக்குக்கு அந்நியமாக இருக்காது, காரம்தான் குறைவு. மேசையில் காரத்துக்கென்று தனியாகச் சட்னி இருக்கும். "பிக்காந்தே" என்று கேளுங்கள். சில்தேப்பே என்ற குட்டி மிளகாய் கிடைத்தால் ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் "சின் ரெஸ்" என்றும், பன்றி தவிர்ப்பவர்கள் "சின் செர்தோ" என்றும் சொல்லுங்கள்.

சைவர்களுக்கு இது கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டிய விஷயம். "சின் கார்னே" என்றால் மாட்டிறைச்சி மட்டும் இல்லை என்று புரிந்துகொண்டு கோழியை வைத்துவிடுவார்கள். எனவே முழுதாகச் சொல்லுங்கள்: "சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ." அடுத்த கேள்வி இன்னும் முக்கியம்: "தியேனே மந்தேகா?" மந்தேகா என்பது பன்றிக் கொழுப்பு. கறுப்புப் பீன்ஸ் மசியலிலும் தமால் என்ற சோளப் பலகாரத்தின் மாவிலும் அது சேருவது உண்டு. காய்கறிப் பெப்பியான் என்று எழுதியிருந்தாலும் கோழிச்சாற்றில் கொதித்ததா என்று கேளுங்கள்.

பெரும்பாலும் கவலையில்லாமல் சாப்பிடக்கூடியவை: சோளமாவும் சுண்ணாம்பும் தண்ணீரும் மட்டும் சேரும் தோர்த்தியா, வெண்ணெய்ப்பழ மசியல், சுட்ட சோளக்கதிர், பொரித்த பழம், அவித்த வீஸ்கில், கூழ்போல இனிப்பாக வரும் சோள ஆத்தோல். ரெயெனீதோஸ் என்ற பலகாரமும் நன்றாக இருக்கும். வேகவைத்துப் பிசைந்த பழத்துக்குள் இனிப்பிட்ட கறுப்புப் பீன்ஸை வைத்துப் பொரிப்பார்கள். பீன்ஸ் எதில் வதக்கியது என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

தண்ணீர்: குழாய்த் தண்ணீர் குடிக்கவேண்டாம். சந்தையில் நறுக்கி வைத்த பழத்தையும் தவிருங்கள். முழுப் பழம் வாங்கி நீங்களே உரித்துச் சாப்பிடுங்கள். உணவக பில்லில் 10 சதவீதம் ப்ரோபீனா என்று சேர்ந்திருக்கிறதா பாருங்கள். சேர்ந்திருந்தால் மறுபடி டிப்ஸ் தேவையில்லை.

சாப்பிட்டதும் கிளம்பாதீர்கள். முற்றமுள்ள ஒரு காபிக்கடையில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். ஊரைச் சுற்றியுள்ள எரிமலை மண்ணில் விளைந்த காபி இது. ஏற்காடு, கொடைக்கானல் தோட்டங்களில் நிழலுக்கு நிற்கும் அதே சில்வர் ஓக் மரங்கள் இங்கேயும் காபிச் செடிகளுக்கு நிழல் கொடுக்கின்றன. பால், சர்க்கரை இல்லாமல் ஒருமுறை குடித்துப் பாருங்கள்.

8. பிற்பகல் 2.45: கதீட்ரல் இடிபாடு

பூங்காவின் கிழக்குப் பக்கம் வெள்ளையாக நிற்கும் தேவாலயம், பழைய கதீட்ரலின் முன்பகுதி மட்டும்தான். 1680இல் அர்ப்பணிக்கப்பட்ட பெரிய கதீட்ரலின் மீதி அதற்குப் பின்னால், கூரை விழுந்து கிடக்கிறது. நுழைவு வேறு, 5ஆம் கய்யே ஓரியென்தே பக்கமாகப் போக வேண்டும். முன்பக்கத் தேவாலயத்தைப் பார்த்துவிட்டு "கதீட்ரல் முடிந்தது" என்று போய்விடாதீர்கள்.

உள்ளே செங்கல் தூண்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. குவிமாடங்கள் இருந்த இடத்தில் வட்ட ஓட்டைகள். தரையடிக் கல்லறைக்கு இறங்கும் படிகள் உண்டு. மெழுகுவத்திப் புகை படிந்து சுவர் கறுத்திருக்கும். குனிந்து, கைபிடித்து இறங்குங்கள். மெக்சிகோ படையெடுப்பை எழுதிய பெர்னால் தியாஸ் தெல் காஸ்தியோ கடைசிக் காலத்தை இந்த ஊரில்தான் கழித்தார்; 1584இல் இறந்தார்.

9. பிற்பகல் 3.45: தாங்க்கே லா உனியோன்

பனைமரங்கள் நிற்கும் ஒரு பூங்காவின் கிழக்குக் கோடியில், வளைவுகளுக்குக் கீழே வரிசையாகத் துவைக்கும் தொட்டிகள். 1853இல் பொதுமக்களுக்காகக் கட்டியது. நடுவே பெரிய நீர்த்தொட்டி, சுற்றிக் கல்தொட்டிகள். இன்றும் பெண்கள் வந்து துவைக்கிறார்கள். கட்டடத்தைப் படம் எடுங்கள்; துவைப்பவர்களை எடுக்க வேண்டுமானால் "புவேதோ தோமார் ஊனா போத்தோ?" என்று கேட்டு, தலையசைத்தபின் எடுங்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டால் விட்டுவிடுங்கள்.

10. மாலை 4.15: சான் பிரான்சிஸ்கோ எல் கிராந்தே

நடந்தால் சில நிமிடம். எர்மானோ பெத்ரோ என்று ஊரே அழைக்கும் துறவியின் சமாதி இங்கே இருக்கிறது. கானரித் தீவுகளில் 1626இல் பிறந்து இங்கே வந்து, நோயிலிருந்து தேறுபவர்களுக்கு மருத்துவமனை நடத்தி, 1667இல் இறந்தார். 2002இல் போப் இரண்டாம் ஜான் பால் குவாத்தமாலாவுக்கே வந்து அவரைப் புனிதராக அறிவித்தார்.

வேண்டுதலோடு வருபவர்கள் சமாதியை மெதுவாகத் தட்டுவார்கள். அங்குள்ள அருங்காட்சியகத்தில் குணமானவர்கள் விட்டுப்போன ஊன்றுகோல்கள், புகைப்படங்கள், நன்றிக் கடிதங்கள் இருக்கின்றன. ஊன்றுகோல்களில் கைப்பிடித் துணி நைந்துபோனவை உண்டு. குழந்தையின் உயரத்துக்குச் செய்தவையும் உண்டு. இது வழிபாட்டுத் தலம். தொப்பியைக் கழற்றுங்கள், குரலைத் தாழ்த்துங்கள், முழங்காலிட்டிருப்பவர்களுக்கும் சமாதிக்கும் குறுக்கே நடக்காதீர்கள். என்னைக் கேட்டால், இந்த ஊரின் உயிர் இடிபாடுகளைவிட இங்கேதான் அதிகம்.

11. மாலை 5.15: பூங்காவுக்குத் திரும்புதல்

4ஆம் கய்யே ஓரியென்தே வழியாக வாருங்கள். 1872இல் தொடங்கிய தோன்யா மரியா கோர்தியோ மிட்டாய்க்கடை இந்தத் தெருவில். பால் மிட்டாய், தேங்காய் மிட்டாய், கொய்யாச் சுருள், சர்க்கரை சேர்த்து உருட்டிய புளி உருண்டை எல்லாம் கிடைக்கும். வகைக்கு இரண்டாகக் கலந்து வாங்கிக்கொண்டு பூங்காவில் உட்காருங்கள். நடுவில் உள்ள கடற்கன்னி நீரூற்றும் காப்புச்சினாஸைக் கட்டிய அதே தியேகோ தே போர்ரெஸின் வேலை. தெற்கே இரண்டடுக்கு வளைவுகளோடு நிற்பது ஆளுநர் அரண்மனை, வடக்கே நகர்மன்றம்.

ஆறு, ஆறரைக்குள் இருட்டிவிடும். வானம் தெளிந்து, புவேகோவும் விழித்திருக்கும் நாள் என்றால், மொட்டை மாடியுள்ள உணவகத்தில் மேற்குப் பக்க மேசை கேளுங்கள். உச்சியில் செந்தணல் எழுவது ஊரிலிருந்தே தெரியும்.

வழக்கமாக நடக்கும் தவறுகள்

எல்லா இடிபாடுகளையும் ஒரே நாளில் பார்க்க நினைப்பது. முப்பதுக்கும் மேல் இருக்கின்றன. நான்காவதில் எல்லாச் சுவரும் ஒன்றாகிவிடும். மூன்று போதும்.

குன்றை மாலைக்குத் தள்ளிப்போடுவது. மேகமும் பாதுகாப்பும் இரண்டுமே எதிராகிவிடும்.

அக்காதெனாங்கோ மலையேற்றத்தை மறுநாள் விடியலுக்குப் பதிவு செய்துவிட்டு இந்த நாளை முழுதாக நடப்பது. அது வழக்கமாக இரண்டு நாள் ஏற்றம், இரவில் கடுங்குளிர். நடுவில் ஒருநாள் இடைவெளி விடுங்கள்.

தெருவில் கையில் வைத்து விற்பவரிடம் ஜேட் கல் வாங்குவது. மோதாகுவா பள்ளத்தாக்கின் ஜேட் உண்மையிலேயே உயர்ந்தது. சாயமேற்றிய கல்லும் அதே பச்சையில் கிடைக்கும். பட்டறையோடு சேர்ந்த கடையில், சான்றிதழோடு வாங்குங்கள்.

பாதுகாப்பு

நடைபாதையில் கண் இரண்டு இடத்தில் இருக்க வேண்டும். கீழே கற்கள், மேலே, பழைய வீடுகளின் ஜன்னல் கம்பிக் கூண்டுகள் நடைபாதைக்கு மேல் தோள் உயரத்துக்கும் தலை உயரத்துக்கும் நீட்டிக்கொண்டிருக்கும். போனைப் பார்த்துக்கொண்டு நடப்பவர்கள் அதில் மோதிக்கொள்கிறார்கள். மழையில் கற்கள் வழுக்கும், நின்றுவிடுங்கள்.

பணம் எடுக்க வங்கிக்கு உள்ளே இருக்கும் ஏ.டி.எம். மட்டும், பகலில் மட்டும். பாஸ்போர்ட் நகல் பையில், அசல் ஹோட்டல் பெட்டகத்தில். வண்ணம் பூசிய பழைய அமெரிக்கப் பள்ளிப் பேருந்துகளில் நெரிசல் அதிகம். ஏற ஆசைப்பட்டால் பகலில், பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு ஏறுங்கள். இரவு ஒன்பதுக்குமேல் டாக்சி. சுற்றுலாப் பயணிகளுக்கான உதவி எண் 1500.

நில அதிர்வு வந்தால்: இடிபாட்டுக்குள் இருக்கிறீர்கள் என்றால் வாசலைத் தேடி ஓடாமல், பக்கத்தில் உள்ள முற்றத்தின் நடுவுக்குப் போய்விடுங்கள். சுவரையும் வளைவையும் ஒட்டி நிற்கக்கூடாது. 1976 பிப்ரவரி நிலநடுக்கத்திலும் இந்தச் சுவர்களில் பல சேதமடைந்தன.

எரிமலைச் சாம்பல் விழுந்தால்: முகக்கவசம் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுங்கள். கண்ணைக் கசக்காதீர்கள், காண்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழற்றிவிடுங்கள். புவேகோவின் 2018 ஜூன் 3 வெடிப்பில் அடிவார ஊர்களில் ஏராளமானோர் இறந்தார்கள். அதிகாரிகள் மூடிய பாதையை, எந்த வழிகாட்டி என்ன சொன்னாலும், தாண்டாதீர்கள்.

புனித வாரத்தில் வருபவர்களுக்கு

ஈஸ்டருக்கு முந்தின வாரம் வந்தால் மேலே சொன்ன அட்டவணை செல்லாது. சாயமிட்ட மரத்தூளாலும் பூக்களாலும் தெரு நீளத்துக்குக் கோலம் இடுவார்கள். அல்போம்ப்ரா என்று பெயர். இரவெல்லாம் உழைத்து இட்டதன்மேல் மறுநாள் திருவுருவப் பவனி நடந்து போகும். குவாத்தமாலாவின் புனித வாரத்தை யுனெஸ்கோ 2022இல் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. அந்த வாரத்துக்கு அறை மாதக்கணக்கில் முன்னதாகப் பதிவு செய்ய வேண்டும். கோலத்தைப் பார்க்க விடியற்காலையில் நடங்கள். ஓரத்தில் மட்டும் காலை வையுங்கள். பவனி நெருங்கும்போது குறுக்குத் தெரு ஒன்றின் முனையில் நின்றுகொண்டால் கூட்டம் இறுகும்போது வெளியேற வழி இருக்கும்.